கட்டி ஒரு இடம், ஊசி போட்டது வேற இடம்: ஒரு நுரையீரல் புற்றுநோய் கேஸ்

ஒரு மஞ்சப்பை. உள்ள எக்ஸ்ரே, சிடி ஃபிலிம், அதுக்கு மேல ரப்பர் பேண்ட் போட்டு கட்டின டிபி மாத்திரை அட்டைங்க. எல்லாம் காலி அட்டை, ஒண்ணக்கூட தூக்கிப் போடாம சேர்த்து வெச்சிருந்தாங்க. "நாலு மாசமுங்க டாக்டரு, ஒரு நாள் விடலீங்க, வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க"ன்னு அந்த அம்மா என் டேபிள்ல கட்ட வெச்சப்போ அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளயே மூணு தடவ இருமிட்டாங்க.

வயசு 58, கொங்குப் பக்கம் ஒரு கிராமம், தோட்டம், ரெண்டு மாடு. (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்திருக்கேன், வைத்திய விஷயத்துல கை வைக்கல.) பீடி சிகரெட் எதுவும் கிடையாது, வீட்டுக்காரரும் புடிக்கிறவர் இல்ல, ஆனா கேஸ் அடுப்பு வர்றதுக்கு முன்னாடி இருவத்தஞ்சு முப்பது வருஷம் விறகடுப்புலதான் சமையல். ஆறு மாசமா வறட்டு இருமல், எடை 52ல இருந்து 45. முதல்ல பாத்த இடத்துல எக்ஸ்ரேல வலது பக்கம் மேல ஒரு நிழல் தெரிஞ்சிருக்கு, சளி ரெண்டு தடவ நெகட்டிவ், டிபி கிருமியோட மரபணுவ தேடற சிபிநாட் டெஸ்டும் நெகட்டிவ், சரி எக்ஸ்ரேவ நம்பி டிபி மருந்து ஆரம்பிச்சிருக்காங்க.

அந்த டாக்டர நான் குறை சொல்ல மாட்டேன். நம்ம ஊருல மேல் லோப்ல, அதாவது நுரையீரலோட மேல் பகுதில, நிழல் இருந்து எடையும் குறைஞ்சா முதல்ல டிபிதான் மனசுல வரும், வரணும். என் வருத்தம் ஒண்ணுதான், ரெண்டு மாசம் மருந்து சாப்பிட்டும் இருமலும் குறையல எடையும் ஏறலைன்னா அப்பவே "ஒரு துண்டு சதை எடுத்துப் பாத்துடலாம்"னு யாராவது சொல்லியிருக்கணும். இன்னொரு ரெண்டு மாசம் மாத்திரைலயே போயிருச்சு.

நாலாவது மாசம்தான் சிடி எடுத்திருக்காங்க. வலது மேல் லோப்ல 3.4 சென்டிமீட்டர் கட்டி, ஓரமெல்லாம் முள்ளு முள்ளா. அத பாத்து பயந்து உடனே பெட் சிடியும் எடுத்தாச்சு, சர்க்கரைய அதிகமா இழுக்கற இடமெல்லாம் அதுல பளிச்சுனு தெரியும், அத நாங்க எரியுதுன்னு சொல்வோம். பெட்ல கட்டி நல்லா எரியுது, மூச்சுக்குழாய்க்கு வலது பக்கம் இருக்கற 4ஆர் நெறிகட்டி எரியுது (நம்பர் நெறிகட்டி இருக்கற இடத்துக்கு, ஆர்னா வலது, எல்னா இடது), மூச்சுக்குழாய் ரெண்டா பிரியற இடத்துக்கு அடியில இருக்கற 7ம் எரியுது, இடது பக்கம் 4எல் கொஞ்சம் மங்கலா எரியுது, போதாததுக்கு இடது ஏழாவது விலா எலும்புல ஒரு புள்ளி. ரிப்போர்ட்டோட கடைசி வரி, ரெண்டு பக்க நெறிகட்டியிலயும் எலும்புலயும் பரவியிருக்க வாய்ப்புன்னு. பையன் அத ஃபோன்ல தேடிப் பாத்துட்டு வந்திருக்கார். அம்மா வெளிய போனதும் "சார், நாலாவது ஸ்டேஜ்னு தெரியும், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"ன்னார்.

நான் சொன்னேன், தம்பி, எனக்கே இன்னும் தெரியல, உங்களுக்கு எப்படி தெரியும்?

கூடவே ஒரு லெட்டர், கட்டியில இருந்து சிடி பாத்து ஊசி போட்டு பயாப்ஸி எடுக்கச் சொல்லி. அது தப்பான யோசனைன்னு சொல்ல முடியாது, அந்த ஊசி கேன்சரா இல்லையான்னு கட்டாயம் சொல்லிடும். ஆனா அந்த வழில போனா நுரையீரல துளைச்சுட்டுதான் உள்ள போகணும், அதனால காத்து கசிஞ்சு நியூமோதொராக்ஸ் ஆகறது ஒண்ணும் அபூர்வம் இல்ல, சிலருக்கு டியூப் போட வேண்டி வரும். அத விடப் பெரிய குறை என்னன்னா, கட்டியில இருந்து எடுத்தா நோயோட பேரு கிடைக்கும், நோய் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கிடைக்காது. அதுக்கப்புறம் ஸ்டேஜுக்காக இன்னொரு தடவ, இன்னொரு ஊசி. எங்க நுரையீரல் துறையில முதல் வருஷத்துலயே சொல்லித் தருவாங்க, எந்த இடத்துல இருந்து எடுத்தா பேரும் ஸ்டேஜும் ஒண்ணா தெரியுமோ அங்க இருந்து எடு, அதாவது இருக்கறதுலயே மோசமான ஸ்டேஜ காட்டுற இடத்துல இருந்து எடு. கழுத்தெலும்புக்கு மேல ஒரு நெறிகட்டி கையில தட்டுப்பட்டா அதவிட பாக்கியம் கிடையாது, ஓபில வெச்சே அஞ்சு நிமிஷத்துல ஊசி போட்டுடலாம். அதனால யார் வந்தாலும் எனக்கு முதல் வேலை கழுத்த தடவிப் பாக்கறதுதான். எத்தனையோ தடவ லட்சக் கணக்குல ஸ்கேன் எடுத்துட்டு வந்தவங்களுக்கு பதில் கழுத்துலயே இருந்திருக்கு. இந்த அம்மாவுக்கு இல்ல, அல்ட்ராசவுண்ட் வெச்சும் பாத்தேன், ஒண்ணும் இல்ல.

அடுத்து அந்த விலா எலும்பு. பெட் படத்துல அந்தப் புள்ளி எங்க இருக்கோ அதே இடத்துல விரல வெச்சு அழுத்தினேன், "ஸ்ஸ்..."னு நெளிஞ்சாங்க. இங்க எப்பவாச்சும் அடி பட்டுச்சாம்மான்னு கேட்டா, "அடியெல்லாம் இல்லீங்க... ஆங், பொங்கலுக்கு முந்தி கட்டுத்தரைல வழுக்கி தொட்டி மேல உழுந்தேனுங்க, அது ஒரு வாரத்துல செரியாப் போச்சுங்க". சிடியோட எலும்பு விண்டோவ ரேடியாலஜி நண்பர்கூட உக்காந்து ஒவ்வொரு வெட்டா ஓட்டிப் பாத்தோம், முறிஞ்சு கூடிட்டு இருக்கற கோடு அழகா தெரியுது, சுத்தி புது எலும்பு. எலும்பு அரிச்சுப் போன மாதிரி இல்ல. பெட்ல எரியறது சர்க்கரைய இழுக்கற எந்த செல்லும்தான், கூடிட்டு இருக்கற எலும்பும் இழுக்கும், டிபில வர்ற அழற்சி முடிச்சான கிரானுலோமாவும் இழுக்கும், கேன்சரும் இழுக்கும். நம்ம ஊர்ல இருந்துட்டு பெட்ல எரியற நெறிகட்டியெல்லாம் கேன்சர்னு எழுதிட்டா பாதிப் பேருக்கு ஆபரேஷன் வாய்ப்ப பேனாவாலயே அடிச்சு விட்ட மாதிரி ஆயிடும். மூளை எம்ஆர்ஐயும் எடுத்தோம், சுத்தமா இருந்துச்சு.

ஆக மிச்சம் நெஞ்சு நடுவுல இருக்கற நெறிகட்டிங்க. இந்த கேஸே இங்கதான் இருக்கு, கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

கட்டி 3.4 சென்டிமீட்டர், அதாவது கட்டி அளவுக் கணக்குல டி2ஏ. கட்டி இருக்கற அதே பக்கம் நுரையீரலுக்குள்ளயே இருக்கற நெறிகட்டிய என்1னு சொல்வோம், அதே பக்கம் நெஞ்சு நடுவுல இருந்தா என்2, எதிர் பக்கமோ கழுத்தெலும்புக்கு மேலயோ இருந்தா என்3. 2025ல இருந்து நடைமுறைக்கு வந்த, டிஎன்எம் ஸ்டேஜ் விதிகளோட ஒன்பதாவது பதிப்புல என்2வ ரெண்டா பிரிச்சுட்டாங்க, ஒரே ஒரு இடத்துல மட்டும் இருந்தா என்2ஏ, ரெண்டு மூணு இடத்துல இருந்தா என்2பி. இப்ப இந்த அம்மாவ பாருங்க. எரியற நெறிகட்டி எதுலயுமே கேன்சர் இல்லைன்னா ஸ்டேஜ் 1பி. 4ஆர்ல மட்டும் இருந்தா 3ஏ. 4ஆர், 7 ரெண்டுலயும் இருந்தா 3பி. 4எல்ல இருந்தா என்3, அதுவும் 3பிதான், ஆபரேஷன் பேச்சுக்கே இடம் இல்ல. அந்த விலா எலும்பையும் நம்பியிருந்தா 4. ஒரே ஆளு, ஒரே கட்டி, ஒரே ஸ்கேன், எந்தப் புள்ளில என்ன செல் இருக்குங்கறத பொறுத்து 1பில இருந்து 4 வரைக்கும் எங்க வேணாலும் நிக்கலாம்!

அதனால கட்டிய விட்டுட்டேன். ஊசி நெறிகட்டிக்குத்தான்னு முடிவு பண்ணேன், ஈபஸ் வழியா.

ஈபஸ்னா என்னன்னு பையனுக்கு சொன்னத அப்படியே சொல்றேன்: வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு ஸ்கோப் போகும், அதோட நுனில குட்டியா ஒரு அல்ட்ராசவுண்ட் இருக்கும், கர்ப்பிணிங்களுக்கு வயித்துல வெச்சுப் பாக்கறாங்கல்ல அதேதான். மூச்சுக்குழாய் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கற நெறிகட்டி ஸ்கிரீன்ல கறுப்பா உருண்டையா தெரியும், அத பாத்துக்கிட்டே சுவர் வழியா ஊசிய உள்ள விட்டு செல்ல உறிஞ்சி எடுக்கறது. இந்த வித்தைக்கு வயசு ரொம்ப கம்மி. 1897ல ஜெர்மனில குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியோட மூச்சுக்குழாய்ல சிக்கின எலும்புத் துண்ட இரும்புக் குழாய் விட்டு எடுத்ததுதான் எங்க துறைக்கே பிள்ளையார் சுழி. நெஞ்சு நடுவுல இருக்கற நெறிகட்டிக்கு 1959ல ஸ்வீடன்ல கார்லென்ஸ் கழுத்துக் குழில சின்னதா கிழிச்சு உள்ள குழாய் விட்டுப் பாக்கற மீடியாஸ்டினோஸ்கோப்பிய கொண்டு வந்தார், ரொம்ப காலம் அதுதான் ராஜா. ஊசியோட சேர்ந்த ஈபஸ் ஜப்பான்ல யசுஃபுகு குழு 2004ல எழுதினதுக்கு அப்புறம்தான் உலகம் பூரா பரவுச்சு. 2010ல வந்த ஆஸ்டர்ங்கற ஆய்வுல 241 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு நேரா ஆபரேஷன் வழி ஸ்டேஜிங், இன்னொரு பாதிக்கு முதல்ல ஸ்கோப் ஊசி, அதுல ஒண்ணும் தெரியலைன்னா மட்டும் ஆபரேஷன் வழி, இப்படி பாத்தாங்க. வீணா நெஞ்ச திறந்தது முதல் கூட்டத்துல 18 சதவீதம், ரெண்டாவதுல 7. எனக்கு அந்த 18தான் மனசுல நின்னுச்சு, கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர சும்மா கிழிச்சிருக்கோம்.

சம்மதம் வாங்கற அன்னிக்கு எதிர்பார்த்த கேள்வி வந்துச்சு. கேட்டது அந்த அம்மாவேதான். "ஏனுங் டாக்டரு, ஊசி போட்டுக் கிளறி உட்டா பரவிருமாமா, எங்க ஓரகத்தி சொல்றா". இத கேட்டு கோவப்படற டாக்டருங்கள எனக்குத் தெரியும், நான் கோவப்பட மாட்டேன், ஏன்னா அந்த ஓரகத்தி யாரையோ பாத்துட்டுதான் சொல்லியிருப்பாங்க. பயாப்ஸி எடுத்தாங்க, அடுத்த மூணு மாசத்துல போயிட்டாங்க. அவங்க ஏற்கனவே முத்தின நிலைமைல வந்து கடைசியா பயாப்ஸி எடுத்திருப்பாங்க, கொன்னது நோய், பழி ஊசிக்கு. அத சொன்னேன். ஊசி போற பாதைல செல் ஒட்டறது அபூர்வத்திலும் அபூர்வம், ஆனா என்ன நோய்னே தெரியாம மருந்து கொடுத்து நாலு மாசம் போனது உங்களுக்கு நடந்தே போச்சும்மான்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "செரி சாமி, நீங்க பாத்து எடுங்க"ன்னு கைநாட்டு இல்ல, கையெழுத்தே போட்டாங்க, அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவங்களாம், அத ஒரு பெருமையோட சொன்னாங்க.

ஈபஸ்ல நெறிகட்டிய எந்த வரிசைல குத்தறோம்ங்கறது ரொம்ப முக்கியம், இத ஒழுங்கா பண்ணலைன்னா மொத்த ஸ்டேஜிங்கும் குப்பை. பாயசம் எடுத்த கரண்டிய குழம்புல விட்டா கூட மன்னிச்சிடலாம், குழம்புக் கரண்டிய பாயசத்துல விட்டா? முதல்ல 4ஆர்ல குத்திட்டு அதே ஊசியோட 4எல்லுக்கு போனா, 4ஆர்ல இருந்து ஒட்டிக்கிட்ட ரெண்டு கேன்சர் செல் 4எல் ஸ்லைடுல தெரியும், பேத்தாலஜிஸ்ட் நேர்மையா "கேன்சர் இருக்கு"ன்னு எழுதுவார், ஒரு மனுஷிக்கு ஆபரேஷன் வாய்ப்பு போயிடும். அதனால எப்பவும் என்3 முதல்ல, அப்புறம் என்2, கடைசில என்1. பெட்ல எது நல்லா எரியுதுன்னு பாத்து ஆசைப்பட்டு அங்க முதல்ல ஓடக்கூடாது.

தொண்டைல மரத்துப் போற ஸ்ப்ரே, கையில லேசா மயக்க மருந்து, வாய்ல கடிக்காம இருக்க பிளாஸ்டிக் வளையம். ஸ்கோப்ப இடது பக்கம் திருப்பினா 4எல், அயோர்டாவுக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவுல சந்துல ஒளிஞ்சிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் ரத்தக்குழாய் துடிக்க நடுவுல அது சும்மா உக்காந்திருக்கும். 9 மில்லிமீட்டர்தான். 22 கேஜ் ஊசி, உள்ள போனதும் ஊசிக்குள்ள இருக்கற கம்பிய (ஸ்டைலெட்) உருவிட்டு பத்து பதினஞ்சு தடவ முன்னயும் பின்னயும், ஊசி முனை நெறிகட்டிக்குள்ளயே இருக்கறது ஸ்கிரீன்ல வெள்ளைக் கோடா தெரியணும். பக்கத்து ரூம்ல பேத்தாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப்ப வெச்சுட்டு தயாரா இருந்தாங்க, ஸ்லைடுல தடவின உடனே சாயம் போட்டு ரெண்டு மூணு நிமிஷத்துல சொல்லிடுவாங்க, இத ரோஸ்னு சொல்வோம்.

முதல் தடவ அவங்க சொன்னது: "சார், வெறும் ரத்தம், மூச்சுக்குழாய் செல். நெறிகட்டியே வரல". இந்த இடத்துல நெறைய பேர் சறுக்குவாங்க. கேன்சர் செல் இல்லைன்னு வர்ற ரிப்போர்ட்டுல மூணு ரகம் இருக்கு. நெறிகட்டிக்குள்ள ஊசி போகவே இல்லைன்னா அது நெகட்டிவ் இல்ல, அது ஒண்ணுமே இல்ல. நெறிகட்டியோட சொந்த செல்லான லிம்ஃபோசைட் நிறைய இருக்கு, கேன்சர் இல்லைன்னா அது ஓரளவு நம்பலாம். லிம்ஃபோசைட்டும் இருந்து கிரானுலோமாவும் இருந்தா, அது ஏன் பெட்ல எரிஞ்சுதுங்கறதுக்கே காரணம் கிடைச்ச மாதிரி. மூணையும் டிஸ்சார்ஜ் சம்மரில "நெகட்டிவ்"னு ஒரே வார்த்தைல எழுதினா படிக்கறவன் என்ன பண்ணுவான்?

மறுபடி குத்தினேன். மூணாவது தடவ உள்ள இருந்து குரல் வந்துச்சு, "கிரானுலோமா சார்! நல்லா தெளிவா". இன்னும் ரெண்டு தடவ எடுத்தேன், ஒண்ணு சிபிநாட்டுக்கும் கிருமிய வளத்துப் பாக்கற கல்ச்சருக்கும் சலைன்ல. டிபி டெஸ்டுக்கு போறத ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துடும், கல்ச்சர் வராது. இந்தத் தப்பு இன்னும் நாடு பூரா நடந்துட்டுதான் இருக்கு, அதனால பாட்டில் மேல கொட்டை எழுத்துல எழுதி வெப்போம். அடுத்து 7, அங்கயும் கிரானுலோமா, நடுவுல கொஞ்சம் நெக்ரோசிஸ், அதாவது செத்த திசு வேற. கடைசியா 4ஆர். முதல் குத்துலயே பேத்தாலஜிஸ்ட் எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க, சத்தமா சொல்லல, தலைய மட்டும் ஆட்டினாங்க. கேன்சர். வலது நுரையீரலுக்குள்ள இருக்கற என்1 நெறிகட்டி 11ஆர் நாலு மில்லிமீட்டர் கூட இல்ல, பெட்லயும் எரியல, விட்டுட்டேன்.

4ஆர்ல நாலு தடவ எடுத்துட்டு நிறுத்தினேன். அம்மா இருமிட்டே இருந்தாங்க, ஆக்சிஜன் கொஞ்சம் இறங்குச்சு, பேரும் கிடைச்சாச்சு, போதும்னு தோணுச்சு. அங்கதான் நான் தப்பு பண்ணேன்.

அஞ்சு நாள்ல ரிப்போர்ட்: 4ஆர் அடினோகார்சினோமாங்கற கேன்சர் வகை, நுரையீரல்ல இருந்து வந்தது. 4எல்லும் 7ம் கிரானுலோமா மட்டும், கேன்சர் செல் இல்ல. சிபிநாட் நெகட்டிவ், கல்ச்சர் பின்னாடி 42 நாள் வெச்சும் ஒண்ணும் வளரல. நாலு மாசம் டிபி மருந்து சாப்பிட்ட உடம்புல அது வளராததுல ஆச்சரியம் இல்ல. நெக்ரோசிஸோட கிரானுலோமா இருக்கறத வெச்சுப் பாத்தா இந்த அம்மாவுக்கு டிபியும் உண்மையிலேயே இருந்திருக்கலாம், கேன்சரும் இருந்திருக்கு. முதல்ல பாத்த டாக்டர் பாதி சரி. கேன்சர் இருக்கற இடத்துல இருந்து நிணநீர் வடியற நெறிகட்டியில டிபி இல்லாமலே கிரானுலோமா வர்றதும் உண்டு, அதனால நூறு சதவீதம் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆறு மாசக் கணக்க முடிச்சுடலாம்னு மருந்த தொடரச் சொல்லிட்டேன்.

சரி, அடுத்து ஜீன் டெஸ்ட். ஆபரேஷனுக்கு முன்னாடி உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டற இம்யூனோதெரபி சேர்த்துக் கொடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணவே ஈஜிஎஃப்ஆர், ஆல்க் ரெண்டு ஜீன்லயும் மாற்றம் இருக்கான்னு தெரிஞ்சாகணும், அந்த மாற்றம் இருக்கறவங்களுக்கு அந்த வழி சரிப்படாது. புகை பிடிக்காத பொம்பள, அடினோகார்சினோமா, எனக்கு கிட்டத்தட்ட நிச்சயம் ஈஜிஎஃப்ஆர் இருக்கும்னு. நம்ம நாட்டுல அடினோகார்சினோமா வந்தவங்கள்ல சுமாரா நாலுல ஒருத்தருக்கு இருக்கு, இந்த மாதிரி ஆளுங்கள்ல இன்னும் அதிகம். லேபுல இருந்து ஃபோன். "சார், பிளாக்குல ட்யூமர் மிச்சம் இல்ல. போதாதுன்னு போட்டுடவா?"

என்ன நடந்துச்சுன்னா, நான் ரெக்வஸ்ட் ஃபார்ம்ல "ஐஎச்சி பேனல்"னு மொட்டையா எழுதி அனுப்பிட்டேன், ஐஎச்சின்னா கேன்சர் எந்த வகைன்னு ஸ்டெயின் போட்டுப் பாக்கறது. அவங்க ஒழுங்கா ஏழு ஸ்டெயின் போட்டிருக்காங்க. டிடிஎஃப்-1, பி40 ரெண்டு மட்டும் போட்டிருந்தாலே இந்த கேஸுக்கு விடை கிடைச்சிருக்கும். ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் மெழுகுல பதிச்ச செல் பிளாக்க மெல்லிசா சீவி எடுக்கணும், அரிசி மணி அளவுக்கு இருந்த சதைய ஏழு தடவ சீவினா என்ன மிஞ்சும்? ஏற்கனவே நாலு குத்தோட நிறுத்தினவன் நான், அதுல பாதி ரோஸ் ஸ்லைடுக்கே போயிருச்சு. ஃபார்ம்ல ஒரு வரி, "ஜீன் டெஸ்டுக்கு மிச்சம் வைக்கவும்"னு எழுதியிருந்தா போதும். அத எழுதல. இப்ப அந்த அம்மாகிட்ட போயி மறுபடியும் வாய்ல ஸ்கோப் விடணும்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டு சொல்றது? ரத்தத்துல பாக்கற லிக்விட் பயாப்ஸி இருக்கேன்னு கேப்பீங்க, ஆனா வேற உறுப்புக்கு பரவாத நோய்ல ரத்தத்துல ட்யூமர் டிஎன்ஏ கம்மியாதான் இருக்கும், இல்லைன்னு வந்தா அத நம்ப முடியாது.

காப்பாத்தினது பேத்தாலஜிஸ்ட். "அன்னிக்கு ரோஸுக்கு தடவின ஸ்லைடு என் டிராயர்ல இருக்கு சார், அதுல ட்யூமர் நல்லா அடர்த்தியா இருக்கு, அத சுரண்டிடலாமா?" எனக்கு அது தோணவே இல்ல. ஸ்லைடு மேல ஒட்டியிருக்கற கண்ணாடிய எடுக்க சைலீன்ல ஊற வெக்கணும், ரெண்டு நாள் ஆச்சு. சுரண்டிட்டா அந்த ஸ்லைடு போச்சு, நாளைக்கு யாராவது கேட்டா காட்ட ஒண்ணும் இருக்காது, அதனால முதல்ல முழுசா ஸ்கேன் பண்ணி படத்த பத்திரப்படுத்தினாங்க. அப்புறம் மைக்ரோஸ்கோப்புல பாத்து ட்யூமர் இருக்கற இடத்த மட்டும் பின்னாடி வைர முனை பேனாவால வட்டம் போட்டு, சர்ஜிக்கல் பிளேடால நீலத் தூளா சுரண்டி ஒரு குட்டி டியூப்புல போட்டாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒரு சிட்டிகை கூட இல்ல, மூச்சு விட்டா பறந்துடும் போல இருந்துச்சு. அதுல இருந்து வந்துச்சு ரிசல்ட்: ஈஜிஎஃப்ஆர், எக்சான் 19 டிலீஷன், அதாவது அந்த ஜீன்ல ஒரு துண்டு விடுபட்டிருக்கு. இது வந்துட்டா ஆல்க் கூட சேர்ந்து வர்றது ரொம்ப அபூர்வம், அதோட நிறுத்திக்கிட்டோம்.

எல்லா துறை டாக்டருங்களும் சேர்ந்து முடிவெடுக்கற ட்யூமர் போர்டுல அரை மணி நேரம் சண்டை. ரேடியேஷன் பாக்கறவர் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்துட்டு பின்னாடி ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான மாத்திரை ஆஸிமெர்டினிப் போடலாம்னார், 2024ல வந்த லாரா ஆய்வ காட்டினார், அதுல நோய் மறுபடி தலை தூக்காம இருந்த காலம் சராசரியா 39 மாசம், மாத்திரை இல்லாதவங்களுக்கு 5.6 மாசம். சர்ஜன் சொன்னது, அது அறுக்க முடியாதவங்களுக்கு நடந்த ஆய்வு, இது ஒரே இடத்துல இருக்கற சின்ன என்2, நான் எடுத்துடறேன். அவர் கைல அடாரா ஆய்வு, ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம் அதே மாத்திரை, ரெண்டாவது ஸ்டேஜ்ல இருந்து 3ஏ வரைக்கும் இருந்தவங்கள்ல அஞ்சு வருஷம் உயிரோட இருந்தது 85 சதவீதம், மாத்திரை சாப்பிடாதவங்கள்ல 73. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, என்2வுக்கு எல்லாரும் ஒத்துக்கற ஒரே வழின்னு இன்னிக்கும் இல்ல. எல்லாரும் கடைசில என் பக்கம் திரும்பினாங்க: 4எல் நிஜமாவே சுத்தமா? கிரானுலோமா இருக்கற நெறிகட்டிலயே ஒரு மூலைல கேன்சரும் இருக்கலாமே, ஊசி அத தொடாம போயிருக்கலாமே?

நியாயமான கேள்வி. நான் அஞ்சு தடவ குத்தினேன், அதுல உருப்படியானது மூணுன்னு உள்ளத சொன்னேன். சர்ஜன்தான் வழி சொன்னார்: அதே மயக்கத்துல முதல்ல மீடியாஸ்டினோஸ்கோப்பி, 4எல்ல முழுசா எடுத்து, உடனே உறைய வெச்சுப் பாக்கற ஃப்ரோசன் டெஸ்டுக்கு அனுப்பறேன், கேன்சர்னா அப்படியே தையல் போட்டுட்டு வெளிய வந்துடறேன், சுத்தம்னா லோப்ப எடுக்கறேன். அந்தப் பக்கம்தான் இடது குரல் நரம்பு ஓடுது, அதுல அடிபட்டா தொண்டை கட்டிக்கும்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லியாச்சு. "மாட்ட அதட்ட தொண்டை வேணுமுங்களே"ன்னாங்க.

ஃப்ரோசன் இருவத்தஞ்சு நிமிஷத்துல வந்துச்சு. கிரானுலோமா, கேன்சர் இல்ல. மேல் லோப் போச்சு, அந்தப் பக்கத்து நெறிகட்டி எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாங்க. முழு ரிப்போர்ட்: கட்டி 3.2 சென்டிமீட்டர், 4ஆர்ல எடுத்த மூணுல ஒண்ணுல கேன்சர், 7ல கிரானுலோமா மட்டும், நான் விட்டுட்டு வந்த 11ஆர் சுத்தம், இது அதிர்ஷ்டம்னுதான் எடுத்துக்கறேன். என்2ஏ, 3ஏ. மறுநாள் காலைல ரவுண்ட்ஸ் போனப்போ சர்ஜன் டிரெயின் டியூப்ப பாக்கறதுக்கு முன்னாடி "பேரு சொல்லுங்கம்மா"ன்னு கேட்டார், குரல் கணீர்னு வந்துச்சு.

அப்புறம் நாலு சைக்கிள் கீமோ. டிபி மருந்து ஆறு மாசம் அதுக்குள்ள முடிஞ்சுது, இது நல்லதா போச்சு, ஏன்னா ரிஃபாம்பிசின் கூட இருந்தா ஆஸிமெர்டினிப் ரத்தத்துல நிக்காது, கல்லீரல் அத சீக்கிரமா அழிச்சுடும். ரிஃபாம்பிசின நிறுத்தி மூணு வாரத்துக்கு மேல இடைவெளி விட்டுதான் மாத்திரைய ஆரம்பிச்சோம். விலையப் பத்தி பையன்கூட பேசினது தனிக்கதை, கம்பெனியோட உதவித் திட்டத்துல சேர்த்து விட ரெண்டு வாரம் அலைஞ்சார்.

பெருசா மாறினது எங்க ஃபார்ம்தான். ஈபஸ் ரெக்வஸ்ட்ல இப்ப ரெண்டு வரி அச்சடிச்சே வருது, ஐஎச்சி ரெண்டு ஸ்டெயினுக்கு மேல போகணும்னா ஃபோன் பண்ணவும், மிச்ச பிளாக் ஜீன் டெஸ்டுக்கு. ரோஸ்ல கேன்சர்னு சத்தம் வந்ததுக்கு அப்புறமும் பேஷண்ட் தாங்கினா இன்னும் மூணு குத்து ஃபார்மலினுக்குன்னு நர்ஸே ஞாபகப்படுத்தறாங்க. ரோஸ் ஸ்லைடு எதையும் யாரும் தூக்கிப் போடறதில்ல.

அம்மா இப்ப மாத்திரைல அஞ்சாவது மாசம். முதல் மாசம் வயித்தால போச்சு, இப்ப சரியாயிடுச்சு, கட்டை விரல் நகத்தோரம் புண்ணு மட்டும் வந்து வந்து போகுது, அதுக்கு களிம்பு எழுதிக் கொடுத்திருக்கேன், சாணி வழிக்கறப்போ கையுறை போடச் சொன்னா சிரிக்கறாங்க. எடை 50. அடுத்த சிடி வர்ற மாசம்.